வெடிமுத்து மொட்டைமாடிக்குப் போன மதியம்

எனக்குக் கருத்துகள் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் தெருவை வருடத்துக்கு மூன்று முறை தோண்டுகிறார்களே, ஒரே குழியில் எல்லாக் குழாயையும் போட்டு மேலே ஒரு மூடி வைத்தால் என்ன என்று ஒரு கருத்து. லிஃப்டில் பாட்டுப் போடக் கூடாது என்று ஒரு கருத்து. சினிமாவில் வில்லன்கள் எல்லோரும் ஏன் கண்ணாடிச் சுவர் வைத்த வீட்டிலேயே குடியிருக்கிறார்கள், ஒருவனுக்காவது திரைச்சீலை வாங்கத் தோன்றாதா என்று ஒரு கருத்து. இருபது வருடம் கணினித் துறையில் உட்கார்ந்தவனுக்கு உடம்பில் சேர்வது இரண்டுதான், கழுத்து வலியும் கருத்தும். கழுத்து வலிக்காவது நான் மருத்துவரைப் பார்த்தேன்.

இவற்றையெல்லாம் பதினான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் உமையாள், என் மனைவி. காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் படிக்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். பால்கனியின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அலுவலகத்து ஆட்களோடு போனில் பேசினால், உள்ளே கீரை ஆய்ந்துகொண்டே நிமிர்ந்து பார்த்து, நான் திரும்பி வந்ததும், "ஜூலியஸைத் திட்டியிருக்க வேண்டாம்" என்பாள்.

அவளுக்குத் தஞ்சாவூரில் அதே போன்ற ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. விஜயதசமி அன்று காலை ரயில். நான் கூடப் போவதைப் பற்றியோ, அவள் திரும்பி வருவதைப் பற்றியோ நாங்கள் பேசவில்லை. பேசவில்லை என்றால் அவள் பேசவில்லை. நான் தஞ்சாவூரின் பழைய வடிகால்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். அவள் போனால் போனதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குப் பேச்சு இன்னும் கூடிவிடும்.

நான் வேலை பார்ப்பது சிறுசேரியில், ஜன்னல் இல்லாத ஒரு கட்டடத்தில். சென்னையில் ஓடும் எல்லாப் படங்களும் அங்கிருந்துதான் போகின்றன. ஆறு வருடத்துக்கு முன் 'ஆளுக்கொரு படம்' வந்ததிலிருந்து இப்படித்தான். தியேட்டரில் ஒரு கண்ணாடி கொடுப்பார்கள், வீட்டுக்கும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது உங்கள் கண்ணையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருக்கும். கதையின் எலும்புக்கூடு எல்லோருக்கும் ஒன்று, சதை ஆளுக்கு ஆள் வேறு. ரத்தம் பிடிக்காதவருக்கு அடிதடியில் ரத்தம் வராது. அம்மாவை இழந்தவருக்கு அம்மா கொஞ்சம் அதிக நேரம் உயிரோடிருப்பாள். ஒருவருக்காகப் பின்னப்படும் இந்தப் படத்தை நாங்கள் இழை என்போம். ஒரு பாத்திரம் என்ன பேச வேண்டும் என்று இயந்திரத்துக்குத் தெரியாமல் போனால், குரலை அடக்கிவிட்டு உதட்டை மட்டும் அசைய விட்டு, காற்றோசையைப் போட்டுச் சமாளிக்கும். "காத்து போடுது" என்று அதைக் கிண்டல் செய்வோம்.

இந்தத் தொழிலைப் பற்றியும் எனக்குக் கருத்து உண்டு, அதில் வேலை பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே. முன்பெல்லாம் நானும் உமையாளும் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் அதன் முடிவைப் பற்றி ஒரு வாரம் சண்டை போடுவோம். டீக்கடையில் நாலு பேர் ஒரே வசனத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது, "படம் எப்படி?", "நல்லா இருந்துச்சு." தீர்ந்தது. அவரவர் பார்த்தது அவரவருக்கு. ஊர் ஒன்றாகச் சிரித்து ஆறு வருடமாகிறது என்று நான் ஒருநாள் பிரசங்கம் செய்தபோது உமையாள் மட்டும், "எங்க பசங்களுக்கு ஹீரோ கையால சைகை பேசுறான். முன்னாடி எந்தப் படத்துல பேசினான்? நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா..." என்று ஆரம்பித்தாள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகமில்லை. நான் அடுத்த கருத்துக்குப் போயிருப்பேன்.

நான் படம் பார்ப்பதில்லை. கட்டுப்பாட்டு அறையில் என் மேஜைமேல் ஒரு கண்ணாடி இருக்கும், படம் ஒழுங்காகப் போகிறதா என்று அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை அன்று காலையில் இயந்திரக் கூடத்துக்குப் பொட்டு வைத்தோம். அந்தக் கூடம் எனக்கு எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பது போலவே தோன்றும். மார்கழிக் குளிர், நீல விளக்குகள், ஆயிரம் மின்விசிறிகளின் ஒரே முனகல். அதன் நடுவே இரண்டு பெரிய அலமாரிகள் எதிரெதிரே நிற்கும். ஒன்று முதன்மை, ஒன்று மாற்று. எங்கள் ஆட்கள் முதல் வாரத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள். முதன்மைக்கு மூலவர், மாற்றுக்கு உற்சவர். இரண்டுக்கும் நெற்றியில் ஒரு கண்ணாடி வட்டம் உண்டு. அதன் வழியாக ஒளிக்கீற்றை விட்டு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். மூலவர் கண்ணை மூடிவிட்டால் உற்சவர் பொறுப்பேற்க வேண்டும்.

கூடத்தின் பராமரிப்பு டில்லிபாபுவிடம். மின்சாரம், குளிர்சாதனம், பூஜை மூன்றும் அவர் துறை. வாழை இலையில் பொரி கடலை, தடுப்புக்கு அப்பால் எலுமிச்சம்பழம், சூடம் கிடையாது ஏனென்றால் புகை உணரி அலறும். ஒவ்வொரு அலமாரிக்கும் இரும்புச் சட்டத்தில், ஓரமாக, அளவாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார்.

"நீங்களும் ஒண்ணு வைங்க சார். வர்ஷா வர்ஷம் டீ குடிச்சிக்கினு வேடிக்கை பாக்குறீங்க."

எனக்குப் பூஜையைப் பற்றியும் கருத்து உண்டு. அன்றைக்குச் சொல்லத் தெம்பில்லை. மறுநாள் காலை ரயில். கிண்ணத்தை வாங்கினேன். மூலவர் முன்னால் போய் நின்றபோது, என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. 'அவள் போகக் கூடாது' என்று கேட்பது அநியாயமாகப் பட்டது. அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். பொட்டு என்றால் நெற்றியில்தானே வைக்க வேண்டும்? பழக்கமில்லாதவன் கை. நட்டநடு வட்டத்தில் தாராளமாக அப்பினேன்.

ஈரச் சந்தனம் ஒளியை விடும். காய்ந்த சந்தனம் விடாது. காய மதியம் வரை ஆயிற்று.

அன்றைக்கு 'வெடிமுத்து' வெளியாகியிருந்தது. பூஜை விடுமுறைக்கு வரும் படம் எப்படி இருக்குமோ அப்படி. கல்குவாரி, ஜீப், அரிவாள். மூன்று மணிக் காட்சிக்கு ஊரில் பாதி உட்கார்ந்திருந்தது. உமையாளும் தன் பள்ளி விடுதியில் ஊருக்குப் போகாமல் தங்கியிருந்த குழந்தைகளை நாவலூர் தியேட்டருக்குக் கூட்டிப்போயிருந்தாள். அவர்களோடு அவளுக்கு அது கடைசி நாள்.

மூன்று நாற்பதுக்குக் கட்டுப்பாட்டு அறையின் சுவர்த்திரை அசையாமல் நின்றது. எங்கள் சுவர் முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாற்காலி. சிரித்தால் மஞ்சள், அழுதால் நீலம், சும்மா பார்த்தால் வெள்ளை. எப்போதும் அது கலைத்துவிட்ட கோலப்பொடி மாதிரிதான் கிடக்கும். ஒருவர் சிரிக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் அழுதுகொண்டிருப்பார். அன்றைக்கு எல்லாப் புள்ளியும் ஒன்றாக வெள்ளையாயின. இந்த மூலை முதல் அந்த மூலை வரை, ஒரே வெள்ளை.

கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

கல்குவாரியில் நாற்பது பேர் அரிவாளோடு நிற்கிறார்கள். வெடிமுத்து ஜீப்பின்மேல் ஏறிக் கையை ஓங்கியவன், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவன் போல அப்படியே நின்றான். அரிவாளைப் பானட்டின்மேல் வைத்தான். இறங்கி, படி ஏறினான். குவாரியில் ஏது படி? ஆனால் ஏறினான், ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல். மேலே மொட்டைமாடி. மழை வரப்போகிற நேரத்து மஞ்சள் வெளிச்சம். கொடியில் துணிகள். மூடி உடைந்த நீலத் தண்ணீர்த் தொட்டி, உடைசலை மறைக்க அதன்மேல் கவிழ்த்த ஒரு பழைய தோசைக்கல். ஒரு காலில் கட்டுக்கம்பி சுற்றிய பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு பெண், கொண்டையில் சிவப்பு மை பேனாவைச் செருகிக்கொண்டு.

அந்தத் தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்தவன் நான். அது எங்கள் மாடி. அந்தப் பேனா உமையாளுடையது.

வெடிமுத்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான். பேச வாயெடுப்பான் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்து, "அப்புறம்?" என்றான்.

அவள் பேச ஆரம்பித்தாள். குரல் கேட்கவில்லை. காற்று மட்டும், துணிகள் படபடக்கும் ஓசை மட்டும். அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் நிறுத்தினால், "அப்புறம்?" அவ்வளவுதான் காட்சி.

டில்லிபாபு ஓடி வந்தார். கையில் ஈரத் துணி.

"சார், உற்சவர் ஏன் லைன்ல வந்தார்னு போய்ப் பாத்தா, மூலவர் கண்ணுல எவனோ சந்தனத்த அப்பி வெச்சிக்கீறான் சார்! சிமெண்டு கணக்கா காஞ்சி கெடக்கு."

"எவனோ இல்ல டில்லி. நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாதது அவர் பெருந்தன்மை. "சரி வுடுங்க. ஆனா உற்சவர் வந்தா அவர் வேலையப் பாக்க வேண்டியதுதானே? ஏன் எல்லாருக்கும் ஒரே படம் ஓடுது?"

"மூலவர் சாகல. கண்ணு மட்டும்தான் மூடியிருக்கு. இவரும் பின்றார், அவரும் பின்றார், எது சரின்னு ரெண்டு பேருக்கும் தெரியல. அப்படி ஆனா ஆளாளுக்குப் பின்ற வேலைய நிறுத்திட்டு, ஒருத்தர் இழைய எடுத்து எல்லாருக்கும் குடுத்துரணும். இருட்டாப் போறதுக்கு அது மேலுன்னு ஆறு வருஷம் முன்னாடி நான்தான் அந்த விதிய எழுதினேன்."

"யாரு இழைய எடுக்கும்?"

"ரொம்ப நாளா அறுபடாம இருக்கிற இழைய."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. உமையாள் எந்தப் படத்தையும் முறையாக மூட மாட்டாள். பாதியில் எழுந்து போவாள். சமையலறை அலமாரியில் அவள் கண்ணாடியின் பச்சை விளக்கு வாரக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும்.

"அப்ப இது யாரோ ஒருத்தர் மனசு சார்," என்றார் டில்லிபாபு. சுவரைப் பார்த்தபடி தணிந்த குரலில் சொன்னார். "ஊரே பாக்குது. பாவம். தொடச்சிரட்டுமா? ஒரு நிமிஷ வேலை."

துடைத்திருக்க வேண்டும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அப்போதும் இல்லை. ஒரு பெண்ணின் மனதுக்குள் இருப்பது ஊர் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் என் மனைவி, ஈரத் துணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து போய்விடுவாளா, அங்கேயே இருப்பாளா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"இரு டில்லி," என்றேன். "இந்த சீன் முடியட்டும்."

பதினொரு நிமிடம். டில்லிபாபு ஈரத் துணியோடு நின்றார், தரையில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. என் மேஜையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. சுவரில் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக நீலமாயின. அம்பத்தூர், வேளச்சேரி, திருவொற்றியூர் என்று மழைநீர் ஏறுவது போல ஏறியது. ஊரே ஒரு மாடியைப் பார்த்து, ஒரே நேரத்தில், சத்தமில்லாமல் கண் கலங்கியது. நாவலூர் தியேட்டரில் மட்டும் மூன்றாவது வரிசை மஞ்சளாக மின்னியது. இருபது முப்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தால்தான் அந்த நிறம் வரும். உணரியில் கோளாறு, நாளைக்குப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு மாடியில் தூறல் விழுந்தது. அவள் எழுந்தாள். போகவில்லை. கொடியின் ஒரு முனையிலிருந்து அவளும் மறுமுனையிலிருந்து அவனுமாகத் துணிகளை எடுத்துக்கொண்டே நடுவே வந்தார்கள். கடைசித் துணி ஒரு போர்வை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து மடித்தார்கள்.

"இப்ப தொடை," என்றேன்.

நாற்பது பேர் குவாரியில் அப்படியே காத்திருந்தார்கள். வெடிமுத்து அரிவாளைக் கையில் எடுத்தான். சுவரில் கோலப்பொடி மறுபடி கலைந்தது.

வெளியே வந்தபோது நிஜமாகவே தூறிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர், ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்கள், "உங்களுக்கும் மாடியா?", "அட, எனக்கும் மாடிதாங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். டீக்கடையில் மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு அந்தப் போர்வை மடிப்பை நடித்துக் காட்டினார். ஷேர் ஆட்டோவில் ஒருவர் தன் வீட்டுக் கதையைச் சொல்லி நிறுத்தியதும் ஆறு பேரும் சேர்ந்து "அப்புறம்?" என்றோம். ஆறு பேரும் சிரித்தோம். விளக்குகள் ஈரச் சாலையில் கரைந்துகொண்டிருந்தன. அந்த ஊருக்குள் நான் மிதந்துகொண்டு போனேன். எத்தனையோ வருடமாக நான் பேசிப் பேசிக் கேட்ட ஒன்று, என் கைத்தவறால், ஒரு மாலைக்கு மட்டும் கிடைத்திருந்தது. அதற்குள் போனில் விமர்சனங்கள். அந்தப் பெண்ணின் மௌனம் ஒரு தலைமுறையின் குரல் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் எதுவும் எழுதவில்லை.

அவளுக்கு வேண்டியது இவ்வளவுதானா என்று அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அப்புறம் என்று கேட்பது. பதினான்கு வருடத்தில் ஒருநாள் செய்திருக்கலாமே. அழுகை வந்தது. அவள் துணிகளோடு நடுவே வந்தாளே, அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நம்பினேன்.

வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகள் கட்டியாகிவிட்டன. உமையாள் மூன்றாவது அட்டைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கொண்டையில் சிவப்புப் பேனா.

"படம் பாத்தீங்களா?" என்றாள். ஆறு வருடத்தில் அவள் கேட்டதில்லை.

"பாத்தேன். உமா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க." நீளமான ஒன்றுக்குத் தயாராகும் குரல்.

சொன்னேன். சந்தனம், மூலவர், விதி, ஈரத் துணி, பதினொரு நிமிடம். "தோசைக்கல்லப் பாத்ததுமே உன் இழைன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் நிறுத்தல. நீ கடைசியில என்ன முடிவு எடுக்கிறேன்னு பாக்கணும்னு இருந்துச்சு. தப்புதான். ரொம்பப் பெரிய தப்பு."

அவள் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள்.

"என்னோடதுன்னு நெனச்சுக்கிட்டே ஊருக்கெல்லாம் ஓட்டிக் காட்டினீங்களா?"

"ஆமா."

"என்னைக் கேட்டா தெரிஞ்சிருக்கும். கேக்கத் தோணல. ஆனா ஒளிஞ்சிருந்து பாக்கத் தோணியிருக்கு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

"அது என் படம் இல்லைங்க," என்றாள்.

"தோசைக்கல்லு..."

"என் படத்துல மாடியெல்லாம் கெடையாது. நீங்களும் கெடையாது, மூணு வருஷமாவே. எந்தப் படம் போட்டாலும் எனக்கு ஒரு ரோடு வரும். ரெண்டு பக்கமும் புளியமரம். நான் பாட்டுக்கு நடந்து போயிக்கிட்டே இருப்பேன். யாரும் பேச மாட்டாங்க. அவ்வளவு நல்லா இருக்கும்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப அது யாரோடது?"

"எங்க பசங்க சிரிச்சாங்க. தெரியுமா உங்களுக்கு? தியேட்டரே மூக்கைச் சிந்திக்கிட்டிருக்கு, எங்க வரிசை மட்டும் உருண்டு உருண்டு சிரிக்குது."

மூன்றாவது வரிசை. இருபது முப்பது மஞ்சள் புள்ளிகள்.

"சைகை திடீர்னு நின்னு போச்சா, அதனால எல்லாரும் உதட்டப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு பேசறது உங்களுக்கெல்லாம் காத்தாத்தானே கேட்டுச்சு? அவங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். எனக்கும் தெரியும்." அவள் என் முகத்தைப் பார்த்தபடி, நிறுத்தி நிறுத்தி, வகுப்பில் சொல்வது போலச் சொன்னாள். "தெருவ வருஷத்துக்கு மூணு வாட்டி தோண்டுறாங்க. ஒரே குழியில எல்லாக் கொழாயும் போட்டு மேல மூடி வெச்சா என்ன? லிஃப்டுல எதுக்குப் பாட்டு? வில்லன் வீட்டுக்கு ஏன் திரைச்சீலை இல்ல? தஞ்சாவூர் வடிகால் எப்படின்னா... செல்வின்னு ஒரு பொண்ணு, எட்டாம் வகுப்பு, என் முந்தானையப் பிடிச்சு இழுத்துக் கேக்குறா, டீச்சர், அந்த அக்கா எதுக்கு இவ்வளவு சோகமா குழாயப் பத்திப் பேசுறாங்கன்னு."

என் மேஜைமேல் கிடக்கும் கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது. படம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பதற்காக, என் பெயரில், மூன்று வருடத்துக்கு மேலாக ஒரு நொடிகூட மூடாமல் வைத்திருக்கும் கண்ணாடி. ஊரில் அதைவிட நீளமான இழை எது இருக்க முடியும்? நான் படம் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்திருந்தது. மாடியைக் கட்டியது, நாற்காலியைப் போட்டது, அவளை உட்கார வைத்தது, எனக்குப் பதிலாக வெடிமுத்துவை அனுப்பி "அப்புறம்?" என்று கேட்கவும் வைத்தது. அவள் பேச வேண்டிய இடம் வந்தபோது அதன் கையில் சரக்கு இல்லை. அவள் என்ன சொல்வாள் என்பது என் தலைக்குள் எங்கேயும் இல்லை. அங்கே இருந்தது என் பேச்சு மட்டும்தான். அதை எடுத்து அவள் வாயில் வைத்துவிட்டு, காற்றைப் போட்டுச் சமாளித்திருக்கிறது.

அதற்குத்தான் ஊர் அழுதது. வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"உமா, நான்..." என்று ஆரம்பித்தேன். இயந்திரம் ஏன் அப்படிச் செய்கிறது என்று விளக்கத் தொண்டை வரை வந்துவிட்டது. நல்ல விளக்கம், இருபது நிமிடம் போகும். விழுங்கினேன்.

குளியலறைக்குப் போய் வாளியை எடுத்து வந்தேன். ஈரமாக இருந்தது. அவள் எதிரே கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் என் எடைக்கு முனகியது.

"என்ன இது?" என்றாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து, அவளே அதை அடக்கிக்கொண்டாள். "ரயில் காலைல ஆறே முக்காலுக்கு. நான் டிக்கெட்ட ரத்து பண்ணப் போறதில்ல."

"பண்ண வேண்டாம்."

"சினிமாவுல பாத்துட்டு வந்து செய்யறீங்க."

"ஆமா."

வெளியே எங்கள் தெருவை யாரோ மறுபடி தோண்டிக்கொண்டிருந்தார்கள். பூஜை விடுமுறையில், மழையில், அந்தி நேரத்தில். கடப்பாரை சத்தம் தெளிவாகக் கேட்டது. அதைப் பற்றிச் சொல்ல எனக்குள் எட்டு விஷயங்கள் வரிசையில் நின்றன.

"அன்னைக்கு ஒருநாள்," என்றேன், "எங்க பசங்களுக்கு ஹீரோ கையால பேசுறான், நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா... அப்படின்னு ஆரம்பிச்சே. ஆனா, அப்புறம்?"

அவள் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவற்றில் வேறு ஏதாவது ஓடுகிறதா என்று பார்ப்பவள் போல. வெகுநேரம் பார்த்தாள். நான் வாயை மூடியபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு கொண்டையிலிருந்து பேனாவை உருவிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தாள்.

இருட்டி வெகுநேரம் வரை சொன்னாள். அவள் சொன்னதைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை.